ஊட்டியில் விடிகாலை பிடிக்காத டீசல் கார்: நாகர்கோவிலில் அடித்த டீசல் உறைந்ததா?

கேள்வி, மார்த்தாண்டத்திலிருந்து. ஜனவரி 2

அப்பாவோட 2004 மாடல் டீசல் கார், 1.4 லிட்டர், டர்போ கிடையாது. நம்மூர்ல ஒரு நாளும் மக்கர் பண்ணதில்லை, சாவியைத் திருப்பினா உடனே பிடிக்கும். புத்தாண்டுக்கு ஊட்டி போனோம், தலைக்குந்தா பக்கம் தங்கல். காலையில பாத்தா புல்லு மேல எல்லாம் வெள்ளையா உறைபனி. செல்ஃப் அடிக்கேன், அடிக்கேன், சைலன்சர்ல வெள்ளைப் புகை தள்ளுது, இன்ஜின் பிடிக்கல. வெயில் நல்லா ஏறின பொறவு ஒண்ணும் செய்யாமலே பிடிச்சுது. அங்க ஒரு டிரைவர், கீழ அடிச்ச டீசல் உறைஞ்சுபோச்சு, மேல வந்து அடிச்சிருக்கணும்னு சொன்னாரு. இங்க வந்து கேட்டா மெக்கானிக் பேட்டரியை மாத்துங்கான். நாகர்கோவில் டீசல் ஊட்டிக்கு ஆகாதா?

பதில்கள், எல்லாம் ஒரே ஆள் எழுதினது. ஜனவரி 2, இரவு 9.50

டீசல் உறையல தம்பி. பதில் உன் கேள்விக்குள்ளயே கெடக்கு: வெள்ளைப் புகை. அது எரியாத டீசல். ஆவியாகி அப்படியே வெளிய வருது. உறைஞ்சிருந்தா பில்டர் அடைச்சிரும், பம்புக்கு ஒரு சொட்டு போவாது, நீ எவ்வளவு நேரம் செல்ஃப் அடிச்சாலும் சைலன்சர் வாயில ஒண்ணும் வராது. உன் வண்டியில டீசல் போயிருக்கு, நாசில் பீச்சியிருக்கு. தீப்பிடிக்கத் தேவையான சூடுதான் உள்ள இல்ல. ஹீட்டர் பிளக்கைப் பாரு, ஸ்டார்ட் பண்ணும்போது உள்ள சூடு ஏத்துற சின்ன பிளக்கு அது. பேட்டரி வாங்க அவசரப்படாதே.

ஜனவரி 2, இரவு 10.15

மாடல் பேரைச் சொல்லலேன்னாலும் 2004, 1.4, டர்போ இல்லைன்னா எதுன்னு இந்த ஜில்லாவுல எல்லாருக்கும் தெரியும். ஒரு காலத்துல பாதி டாக்சி ஸ்டாண்டு அந்த வண்டியிலதான் ஓடிச்சு.

அது ப்ரீ சேம்பர் இன்ஜின். டீசல் நேரா பிஸ்டன் மேல விழாது. ஹெட்டுக்குள்ள ஒரு சின்ன அறை இருக்கு, அதுல பீச்சி, அங்க தீப்பிடிச்சு, பொறவுதான் சிலிண்டருக்கு வரும். சத்தம் குறைவா இருக்கும், சின்ன காருக்கு அது கொள்ளாம். ஆனா அந்த அறையோட சுவரு சூட்டைக் குடிச்சிரும். அதனால குளிர்ல இந்த ரகத்துக்கு ஹீட்டர் பிளக் இல்லாம கதியில்ல. லாரி, டிராக்டர்ல உள்ள நேரடியா பீச்சுற இன்ஜின் இதைவிட லேசா பிடிக்கும். பலதுல ஹீட்டர் பிளக்கே இருக்காது.

ஜனவரி 3, காலை 6.30

எல்லாரும் உறைபனியைப் பத்தியே பேசுறீங்க. எனக்கு உறுத்துறது "நம்மூர்ல ஒரு நாளும் மக்கர் பண்ணதில்லை"ங்கிற வரி. விஷயமே அங்கதான் இருக்கு.

டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை உள்ள இழுத்து அமுக்குது, தம்பி வண்டி ரகத்துல இருபது மடங்குக்கு மேல, அமுக்கின காத்து பழுக்கக் காயுது, அதுல டீசலைப் பீச்சினா தானா தீப்பிடிக்குது. இப்பம் கணக்கைப் பாருங்க. உள்ள போற காத்து ஒரு டிகிரி குறைஞ்சா, அமுக்கி முடிக்கிற நேரத்துல ரெண்டு மூணு டிகிரி குறையும். நாகர்கோவில்ல மார்கழி விடிகாலையில 22, 23 டிகிரி இருக்கும். தலைக்குந்தாவுல உறைபனின்னா பூஜ்யம். அப்பம் உள்ள நாப்பதுல இருந்து அறுபது டிகிரி போயாச்சு. அது போக இரும்பு குளிர்ந்து கிடக்கு, அது தன் பங்குக்குக் குடிக்கும். ஆயில் கெட்டியாகி செல்ஃப் மெதுவா சுத்தும், மெதுவா சுத்தினா ரிங் வழியா காத்து ஒழுக நேரம் கிடைக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க காத்தழுத்தமே நம்ம கடற்கரையில இருக்கிறதுல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலதான். எல்லாம் ஒரே நேரத்துல வந்து ஏறுது.

நம்மூர்ல இது எதுவுமே இல்ல. ஹீட்டர் பிளக் நாலும் செத்துக் கெடந்தாலும் வண்டி பிடிக்கும். பத்து வருசம் முன்னாடி செத்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. நாசில் லேசா ஒழுகினாலும், கம்ப்ரெஷன் கொஞ்சம் இறங்கியிருந்தாலும், எர்த் ஒயர் துருப்பிடிச்சிருந்தாலும் நம்ம வெயில் அத்தனையும் மூடி வச்சுக்கிட்டு இருக்கும்.

என் ஜீப்பு பேச்சிப்பாறை பக்கம் ஒரு எஸ்டேட்ல ரப்பர் ஷீட்டு ஏத்துன வண்டி. மகிந்திரா, பழைய 2112 சிசி பியூஜோ இன்ஜின். வாங்கிட்டு வந்து பானெட்டைத் திறந்து பாக்கேன், ஹீட்டர் ஒயரை வெட்டி, நுனியில டேப் சுத்தி, பக்கத்துல உள்ள பைப்போட சேத்துக் கட்டி வச்சிருக்கு. எவனோ ஒரு மெக்கானிக், எந்தக் காலத்துலயோ செஞ்ச வேலை. ஹீட்டருக்குக் கரண்டு விடுற ரிலே போயிருக்கும், புதுசு வாங்கச் சொன்னா ஓனர் திட்டுவாரு, வெட்டி விட்டா வண்டி ஓடத்தான செய்யுது. அவனைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. பேச்சிப்பாறையில அது தேவைப்படவும் இல்ல.

ஜனவரி 3, மதியம் 1.05

குலசேகரம் தம்பி, "டாஷ்போர்டுல ஹீட்டர் லைட்டு எரிஞ்சு அணையுதே, அப்பம் பிளக் நல்லாத்தான இருக்கும்"னு கேக்கான். பழைய வண்டியில அந்த லைட்டு வெறும் டைமர் மக்கா. இத்தனை செகண்டு எரியணும்னு கணக்கு, எரியும், அணையும். பிளக் சூடாச்சா, அந்த இடத்துல பிளக்கே இருக்கான்னு கூட அதுக்குத் தெரியாது.

ஜனவரி 3, இரவு 8.40

பிளக் பாக்கிறது எப்படின்னு நாலஞ்சு பேர் கேட்டாச்சு. ஒர்க்‌ஷாப்புக்குப் போவாண்டாம்.

இன்ஜின் குளிர்ந்து இருக்கணும். நாலு பிளக் தலையையும் சேத்து ஒரு பட்டையோ ஒயரோ போவும். அதோட நட்டு சின்னது, கை தவறினா இன்ஜின் சந்துல போயி உக்காந்துக்கிடும், கீழ ஒரு துணியை விரிச்சுட்டுக் கழட்டு. பட்டையை எடுத்துட்டா ஒவ்வொரு பிளக்கும் தனித்தனி. ஒரு இண்டிகேட்டர் பல்பு, ரெண்டு ஒயர். ஒரு ஒயரை பேட்டரி பிளஸ்ல மாட்டு, மத்ததால பிளக் தலையைத் தொடு. பல்பு எரிஞ்சா உள்ள காயில் அறுந்து போகல. எரியலேன்னா செத்துப்போச்சு. நாலையும் தொட்டுப் பாக்க அஞ்சு நிமிசம் ஆகாது.

பல்பு எரிஞ்சதை வச்சு முழுசா நம்பாதே. காயில் உள்ள ஷார்ட் ஆனாலும் எரியும். சந்தேகம்னா கழட்டி வைஸ்ல பிடிச்சு நேரா 12 வோல்ட் கொடுத்துப் பாரு. கையில பிடிக்காதே, நல்ல பிளக் நுனி 800 டிகிரிக்கு மேல போவும். நல்லதுன்னா சில செகண்டுல நுனிதான் முதல்ல சிவக்கும், பொறவு சிவப்பு மேல ஏறும். அடியில சிவந்து நுனி கருப்பாவே இருந்தா அது பேருக்குத்தான் பிளக். சிவந்ததும் ஒயரை எடுத்துரு, ரொம்ப நேரம் விட்டா நல்லதும் எரிஞ்சுபோவும்.

கழட்டுறதுல ஒரு ஆபத்து இருக்கு. வருசக்கணக்கா தொடாத பிளக் கரி பிடிச்சு உள்ள இறுகிக் கிடக்கும். துருவுக்கு அடிக்கிற எண்ணெயை முந்தின நாளே விட்டு ஊற வை. மறுநாள் இன்ஜினைச் சூடாக்கிட்டு, பைய, முன்னும் பின்னும் அசைச்சு எடு. முரட்டுத்தனமா திருகி நுனி உள்ள முறிஞ்சா ஹெட்டைக் கழட்ட வேண்டி வரும்.

நாலும் நல்லா இருந்தா கரண்டு வருதான்னு பாரு. பட்டைக்கும் பாடிக்கும் நடுவுல அதே பல்பு, சாவியைப் போட்டா எரியணும். எரியலேன்னா ரிலே, இல்லேன்னா பெரிய பியூஸ்.

ஜனவரி 4, காலை 7.15

தக்கலைக்காரர், "டீசல் உறையவே உறையாதுன்னு அடிச்சுச் சொல்லுதீரா"ன்னு கேக்காரு. நான் அப்படி எங்க சொன்னேன்? தம்பி வண்டியில உறையலன்னு சொன்னேன். உறைஞ்ச டீசலைக் கையால தொட்டவன் நான்.

படையில வண்டி ஓட்டினவன். லடாக்குல திராஸ் பக்கம், ஜோஜி லா கணவாயைத் தாண்டி கார்கில் போற வழி. 3,000 மீட்டருக்கு மேல, பனிக்காலத்துல மைனஸ் இருபதெல்லாம் சாதாரணம். அங்க ஒரு காலையில பில்டர் கிண்ணத்தைக் கழட்டினா டீசல் கொட்டல. கிண்ணத்தைக் கவுத்தேன், அப்பவும் கொட்டல. விரலை விட்டா வெளுத்துப்போன கூழு, நகத்துக்கு அடியில ஒட்டிக்கிடுது. டீசல்ல மெழுகு கரைஞ்சு இருக்கு. குளிர ஆரம்பிச்சா முதல்ல கலங்கும், பொறவு மெழுகு துகள் துகளா பிரியும், அதுக்கப்புறம்தான் மொத்தமா கெட்டியாகும். நம்ம வீட்டுத் தேங்காயெண்ணெய்க் குப்பியை ஊட்டிக்குக் கொண்டு போனா எப்படியோ அதேதான், வெப்பநிலை மட்டும் வேற. இதுல முக்கியம் என்னன்னா டேங்க் முழுசும் உறைய வேண்டாம். மெழுகுத் துகள் பில்டர் பேப்பர்ல படிஞ்சாலே போதும், வழி அடைஞ்சிரும்.

அப்படி அடைச்ச வண்டி பெரும்பாலும் ஸ்டார்ட் ஆயிரும், அதையும் சொல்லிருதேன். பம்புலயும் பைப்புலயும் மிச்சம் உள்ள டீசல்ல கொஞ்ச நேரம் ஓடும். கேம்பு கேட்டைத் தாண்டும்போது இழுவை குறையும், ரோட்டுல போயி நிக்கும். பொறவு செல்ஃப் அடிச்சா புகையே வராது. தம்பி சொன்ன கதைக்கு நேர் எதிர்.

நம்ம நாட்டு டீசலுக்கு ஐ.எஸ். 1460னு தரம் இருக்கு. அதுல பில்டர் அடைக்கிற வெப்பநிலைக்கு மேல் எல்லை வச்சிருக்கு: குளிர்காலத்துக்கு 6 டிகிரி, கோடைக்கு 18. பேப்பரை மட்டும் வச்சுப் பாத்தா தலைக்குந்தா பூஜ்யத்துக்கு சந்தேகம் வரத்தான் செய்யும், தக்கலைக்காரர் அந்த மட்டுக்கும் சொன்னது நியாயம். ஆனா அது "இதுக்கு மேல போவக்கூடாது"ங்கிற எல்லை. 6 வந்த உடனே உறையும்னு அர்த்தம் இல்ல. இன்னொண்ணு, ஊட்டி பெட்ரோல் பங்க்குக்கு டீசல் மலையிலயா விளையுது? டேங்கர் லாரி கீழ இருந்துதான் ஏறுது. அந்த டிரைவர் சொன்னதை அவரு டீக்கடையில இன்னும் பத்து பேருக்குச் சொல்லிக்கிட்டு இருப்பாரு.

லடாக் கதை வேற. 2019 நவம்பர்ல இந்தியன் ஆயில் அங்கேக்குன்னே தனி குளிர்கால டீசல் கொண்டு வந்தாங்க, பானிப்பட் ரிபைனரியில தயார் பண்ணினது, மைனஸ் 33 வரைக்கும் ஓடும். அது வர்றதுக்கு முன்னாடியே நான் ஊரு வந்து சேந்துட்டேன். எங்க காலத்துல கம்பளியும் மண்ணெண்ணெயும்தான்.

ஜனவரி 4, இரவு 9.20

மண்ணெண்ணெய்னு சொன்னதும் கொளச்சல்ல இருந்து கேள்வி வந்தாச்சு. "எங்க வள்ளத்து மோட்டார் மண்ணெண்ணெய்லதான ஓடுது, காருக்கு ஊத்தினா என்ன?"

அண்ணே, உங்க வெளிமோட்டார் பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்துற ஸ்பார்க் பிளக் இன்ஜின். டீசல் அதுகூட சேராது. டீசல்ல மண்ணெண்ணெய் கலந்தா மெழுகு பிரியுறது தள்ளிப்போவும், அது உண்மை. பழைய ஐரோப்பிய டீசல் கார்களோட கையேட்டுலயே பனிக்காலத்துக்குக் கலக்க அனுமதி இருந்துச்சு. திராஸ்லயும் டிரைவர்மாரு கலந்தாங்க. ஆனா டீசல் பம்புக்கு டீசல்தான் எண்ணெய், வேற எண்ணெய் அதுக்குக் கிடையாது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு போதாது. பம்பு தேய்ஞ்சு பாழாப்போவும். காமன் ரெயில், அதாவது ரொம்ப அழுத்தத்துல டீசல் பீச்சுற புது ரக வண்டின்னா நினைச்சே பாக்கப்படாது. ஊட்டிக்குப் போறதுக்கு இது தேவையும் இல்ல. அது போக மீன்பிடிக்கு மானியத்துல தர்ற மண்ணெண்ணெய் காரு டேங்க்ல கிடந்தா பிடிக்கிறவன் எந்த இன்ஜின்னு கேக்க மாட்டான்.

ஜனவரி 5, காலை 6.50

வண்டிக்கு அடியில தீ போடுறதைப் பத்தி யாரோ வீடியோ போட்டிருக்காங்க. ஆமா, மலையில அப்படிச் செய்யுதாங்க. தகர டப்பாவுல டீசல் நனைச்ச துணி, ஆயில் சம்புக்குக் கீழ வச்சு கொளுத்துறது. நானும் பாத்திருக்கேன், பிரேக் ஹோஸ் பொசுங்கினதையும் பாத்திருக்கேன். வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சு, நிக்கத்தான் மாட்டேன்னுட்டு. கொதிக்கிற வெள்ளத்துல துணியை நனைச்சு பில்டர் மேலயும் டீசல் பைப்பு மேலயும் சுத்தினா அதே வேலை நடக்கும், யாருக்கும் மீசை கருகாது.

ஜனவரி 5, காலை 7.00

ஸ்டார்ட்டிங் ஸ்பிரே: வேண்டாம். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜின்ல ஈதர் அடிச்சா, பிளக் சூடா இருக்க நேரத்துல அது இன்டேக்லயே வெடிக்கும். இல்லைன்னா பிஸ்டன் மேல வர்றதுக்கு முன்னாடியே வெடிச்சு ரிங்கை உடைக்கும். ஒரு தடவை அடிச்சு நல்லா ஓடிச்சேன்னு சொல்லுறவங்ககிட்ட எனக்குப் பேச்சு இல்ல.

ஜனவரி 6, இரவு 10.05

மார்த்தாண்டம் தம்பி பல்பு வச்சுப் பாத்துட்டான். நாலுல மூணு செத்துப்போச்சு, ஒண்ணுதான் எரியுது. அந்த ஒரு சிலிண்டர் மட்டும் அப்பப்ப பிடிச்சு, மத்த மூணையும் இழுக்கத் தெம்பில்லாம விட்டிருக்கும். செல்ஃப் அடிக்கும்போது நடுவுல "டக்"னு ஒரு சத்தம் வந்துச்சான்னு கேட்டேன், வந்துச்சுங்கான்.

நாலையும் மாத்திரு. மூணு மட்டும் மாத்தி அந்த ஒண்ணை விட்டு வைக்காதே, அதுவும் அதே வயசுதான். வாங்கும்போது உன் இன்ஜினுக்கு உள்ள நம்பரைச் சொல்லி வாங்கு, மரை ஒத்துப்போகுதுன்னு எதையும் போடாதே. வோல்ட்டும் நீளமும் மாறினா போட்ட அன்னைக்கே எரிஞ்சுபோவும், இல்லேன்னா நுனி நாசில் பீச்சுற வழியில போயி நிக்கும்.

பேட்டரின்னு சொன்ன மெக்கானிக்கை இப்பம் எல்லாரும் கிண்டல் பண்ணுறீங்க. அவன் சொன்னதை அப்படியே தள்ளவும் முடியாது. உறைநிலையில பேட்டரி பலத்துல அஞ்சுல ஒரு பங்கு போயிரும், மைனஸ் 18ல பாதிகூட மிஞ்சாது. நம்மூர் வெயில்ல பேட்டரி சீக்கிரம் சாகும், சாகப்போற பேட்டரியும் நம்மூர் வெயில்ல நல்லா இருக்கிற மாதிரி நடிக்கும். மீட்டரை பேட்டரியில வச்சுட்டு செல்ஃப் அடி. ஒன்பதரை வோல்ட்டுக்குக் கீழ போனா அவன் சொன்னதுலயும் பாதி சரி.

அதோட எர்த் ஒயர். கடலோரத்து வண்டியெல்லாம் இதுல மாட்டும், முட்டம், கொளச்சல், மணக்குடி எதுவானாலும். உப்புக்காத்து அந்தப் பின்னல் ஒயருக்குள்ள புகுந்து பச்சையா பூத்து வச்சிருக்கும். மேல பாத்தா நல்லா இருக்கும், வளைச்சுப் பாத்தா நொறுங்கும். பேட்டரி மைனஸ் குமிழ்ல ஒரு முனை, இன்ஜின் இரும்புல ஒரு முனை, மீட்டரை வச்சுட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லு. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா ஒயரை மாத்து. பேட்டரி விலையில பத்துல ஒரு பங்குகூட வராது.

ஜனவரி 7, காலை 6.20

கால்கரியில இருந்து மச்சான் ஒருத்தர். பூர்வீகம் கருங்கல். "மைனஸ் முப்பதுல நாங்க பிளக் பாயிண்ட்ல காரைச் சொருகிட்டுத் தூங்குவோம், நீங்க பூஜ்யத்துக்கே இவ்வளவு பேச்சா"ன்னு சிரிக்காரு. சிரிக்கட்டும். அவங்க ஊர்ல இன்ஜின் பிளாக்குக்குள்ளயே ஹீட்டர் இருக்கும், கிரில்லுக்கு வெளிய ஒரு ஒயர் தொங்கும், ராத்திரி கரண்டுல மாட்டிட்டா கூலன்ட் இளஞ்சூடா கெடக்கும். காலையில இன்ஜினுக்குக் குளிர்காலமே தெரியாது. எங்களுக்கு அது கிடைக்கல மச்சான். நாங்க பானெட் மேல கம்பளியைப் போத்தி, ராத்திரி மூணு நாலு மணிக்கு ஒரு ஆளு எழும்பிப் போயி எல்லா வண்டியையும் கொஞ்ச நேரம் ஓட விட்டு அணைப்போம். அந்த முறை வர்ற ராத்திரி மட்டும் கம்பளிக்குள்ள இருந்து வெளிய வர்றதைவிட சண்டைக்குப் போறதே மேல்னு தோணும்.

ஆயிலைப் பத்தியும் அவரு கேட்டாரு. நம்ம பக்கம் பழைய இன்ஜின் ஆயில் குடிக்குதுன்னு 20 டபிள்யூ 50 ஊத்துறாங்க. டபிள்யூவுக்கு முன்னாடி உள்ள நம்பர்தான் குளிருக்கு. 20ங்கிறதை மைனஸ் 15லயும், 15ங்கிறதை மைனஸ் 20லயும், 5ங்கிறதை மைனஸ் 30லயும் சோதிச்சுப் பாத்துத்தான் அந்த நம்பர் தருவாங்க. அதனால ஊட்டிக்கு 15 டபிள்யூ 40 தாராளம். விலை கூடின ஆயில் வாங்கி ஹீட்டர் பிளக் வேலையை அது செய்யும்னு எதிர்பாக்காதீங்க.

ஜனவரி 7, காலை 6.45

அட, முக்கியமானதைக் கேக்க மறந்தாச்சே. தம்பி, ரேடியேட்டர்ல என்ன ஊத்தியிருக்கே? கிணத்து வெள்ளமா?

ஜனவரி 7, இரவு 8.10

கிணத்து வெள்ளம்தானாம். நினைச்சேன்.

நம்ம ஜில்லாவுல பாதிப் பழைய வண்டி அப்படித்தான் ஓடுது. சூடாகாம இருந்தா போதும்னு நினைப்பு. வெறும் வெள்ளம் பூஜ்யத்துல உறையும், உறைஞ்சா விரியும், விரிஞ்சா இரும்பு பொளக்கும். ஊட்டியில ஒரு ராத்திரி பூஜ்யத்தைத் தொட்டுட்டு ஏறுறதுக்குள்ள பிளாக் முழுசும் உறையாது, தப்பிச்சே. திராஸ்ல இது நடந்தா மறுநாள் இன்ஜினை இரும்புக் கடையில போட வேண்டியதுதான். முந்தின தலைமுறை ஆளுங்க சாயங்காலம் ரேடியேட்டர் தண்ணியைத் திறந்து விட்டுட்டு, காலையில சூடு பண்ணி ஊத்துவாங்கன்னு எங்க சீனியர்மாரு சொல்லுவாங்க. காலையில சூடா ஊத்துனதுல இன்ஜினும் லேசா பிடிக்கும், அது உபரி லாபம்.

பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தா மைனஸ் 37 வரை தாங்கும். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஆனா துரு பிடிக்காது, அதுக்காகவாவது ஊத்து. ஊத்துறதுக்கு முன்னாடி பழசை முழுசா இறக்கி ரெண்டு மூணு தரம் அலசு, செங்கல் கரைச்ச நிறத்துல வரும்.

ஜனவரி 9, மாலை 5.30

நாகர்கோவில்ல ஒருத்தர் கிட்ட 70கள்ல வந்த பழைய பென்ஸ் டீசல் இருக்கு. நான் 3ஆம் தேதி எழுதின பல்பு சோதனையை அதுல செஞ்சுட்டு ஒண்ணும் புரியலன்னு எழுதியிருக்காரு. புரியாது சார். உங்க வண்டியில பிளக் நாலும் சீரியல்ல இருக்கு, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கரண்டு போவும், நுனியில வெளிய தெரியுற கம்பிச் சுருள். ஒண்ணு அறுந்தா நாலும் அணையும். ஒவ்வொண்ணா ரெண்டு முனைக்கும் நடுவுல மீட்டர் வச்சுப் பாக்கணும். நான் சொன்னது எல்லாம் தனித்தனியா பேரலல்ல இருக்க பென்சில் பிளக்குக்கு. சூடாக நேரமும் வேற. பென்சிலுக்குப் பத்து செகண்டு போதும்னா அந்தச் சுருளுக்கு அரை நிமிசத்துக்கு மேல பொறுமையா இருக்கணும். இப்பம் உள்ள ஆளுங்களுக்கு அரை நிமிசம் சாவியைப் பிடிச்சுட்டு இருக்கிறதே தியானம்.

ஆரல்வாய்மொழிக்காரர் அம்பாசடர் டீசலைக் கைப்பிடி போட்டுச் சுத்தலாமான்னு கேக்காரு. பெட்ரோலைச் சுத்தலாம். 1489 சிசி டீசலைச் சுத்திப் பாத்துட்டு, கட்டு அவிழ்த்ததும் எழுதுங்க.

ஜனவரி 10, காலை 7.40

மேல சொன்னதைப் பாத்துட்டு ஒரு பெரியவர் எழுதியிருக்காரு. அவங்க வாழைத்தோட்டத்து ஆயில் இன்ஜினைக் கையாலதான் சுத்துவாங்களாம். ஐயா, அதுல டீகம்ப்ரெஷன் லீவர் இருக்கு. அதைத் தூக்கி விட்டா வால்வு திறந்து நிக்கும், அமுக்கம் இருக்காது. வேகமா சுத்தி, வீல் நல்லா ஓட்டம் பிடிச்ச நேரத்துல லீவரைத் தட்டி விட்டா அந்த வேகத்துல அமுக்கிப் பிடிச்சுக்கிடும். பெரிய இரும்பு வீலு, அதுதான் வேலை செய்யுறது. காருல அந்த லீவரும் இல்ல, அந்த வீலும் இல்ல.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம், இறக்கத்துல ரெண்டாம் கியர், மூணாம் கியர்ல விட்டு. செல்ஃபைவிட வேகமா சுத்தும், பலன் உண்டு. ஆனா டைமிங் பெல்ட் உள்ள வண்டியில, பெல்ட் எப்பம் மாத்தினேன்னு தெரியாதவங்க அதைச் செய்யாம இருக்கிறது நல்லது.

ஜனவரி 12, இரவு 9.35

தம்பி பிளக் நாலும் போட்டாச்சு, கூலன்டும் ஊத்தியாச்சு. பொங்கலுக்கு மூணாறு போறானாம், காலையில எப்படி எடுக்கணும்னு கேக்கான்.

ராத்திரி நிறுத்தும்போதே பாதி வேலை. பானெட் கிழக்கு பாத்து நிக்கணும், இறக்கம் இருந்தா இறக்கத்தைப் பாத்து. ரெண்டும் ஒரே பக்கம் அமைஞ்சா யோகம். டேங்கைக் காலியா விடாதே, காலி டேங்க்ல ஈரம் வியர்த்து டீசலுக்குள்ள இறங்கும். போறதுக்கு முன்னாடி பில்டர் அடியில உள்ள திருகைத் திறந்து வெள்ளத்தை வடிச்சுரு.

காலையில லைட்டு, பேன், பாட்டு எல்லாம் ஆஃப். சாவியைப் போட்டு ஹீட்டர் லைட்டு அணையுற வரை பொறு. உறைபனி இருந்தா அணைச்சு இன்னொரு தரம் போடு. கிளட்சை முழுசா மிதி, கியர்பாக்ஸ்ல கெட்டியா கிடக்க எண்ணெயைச் செல்ஃப் சுத்த வேண்டாமே. ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதிச்சுட்டு செல்ஃப் அடி. ஒண்ணு ரெண்டு சிலிண்டர் பிடிச்ச உடனே சாவியை விட்டுராதே, எல்லாரும் செய்யுற தப்பு அதுதான். நாலும் பிடிக்கிற வரை செல்ஃப் கூடவே இழுத்துக் கொடு. பத்து செகண்டுல பிடிக்கலேன்னா விட்டுட்டு ஒரு நிமிசம் பொறு, செல்ஃப் மோட்டாரும் ஆறணும், பேட்டரியும் மூச்சு விடணும். பிடிச்ச பொறவு ஒரு நிமிசம் வெள்ளைப் புகையும் கடகடப்பும் இருக்கும், பயப்படாதே. ரேஸ் மட்டும் பண்ணாதே. ஆயில் மேல ஏறியிருக்காது.

எர்த் ஒயரைப் பத்தி நீ ஒரு வார்த்தையும் சொல்லல, பாக்கலன்னு தெரியுது. நாளைக்குச் சாயங்காலம் குழித்துறை பக்கம் வாறேன்னா வண்டியைக் கொண்டா, கழட்டிப் பாப்போம். பத்தாம் நம்பர் ஸ்பேனர் நீயே எடுத்துட்டு வா, என்னோடதை இங்க எழுதுற ஒருத்தர்தான் வாங்கிட்டுப் போனாரு, பேரைச் சொல்லல.